அரை மில்லிமீட்டர் ஆட்டம்

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் சகலை அழைப்பு மணியை இரண்டு முறை அடிப்பார். ஒரு முறை அடித்தால் சோப்பு விற்க வந்தவன் என்று நினைத்து நாங்கள் கதவைத் திறப்பதில்லையாம். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பல் டாக்டர். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு கண்கள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் பார்வை அதிகம்.

மாமனாரின் பல்செட் சின்ன மாப்பிள்ளை செய்து கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவரைப் புகழ்வார். "பூப் பறிக்கிற மாதிரி புடுங்கினாரு மாப்ளே. வலிக்கவே இல்ல. கைன்னா அது கை." இதை என்னிடம்தான் சொல்வார். வாரா வாரம் ரத்தப் பரிசோதனைக்கு அவரைக் காரில் கூட்டிப்போகிறவன் நான். வண்டியில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

எனக்கென்று ஒரே ஒரு பொழுதுபோக்கு உண்டு. ரிமோட்டில் ஓடும் பாறை ஏறும் வண்டி. முழ நீளம் இருக்கும். வேகம் கிடையாது. நத்தை மாதிரி கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும். கட்டுமானச் சாமான் கிடங்கின் பின்புறம் ஒரு கருங்கல் குவியல் கிடக்கிறது. ஞாயிறு தோறும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே இடிக்காமல் ஏற வேண்டும். அவ்வளவுதான் போட்டி. நான்கு வருடம் நான்தான் முதலில் வந்தேன்.

சகலை வேடிக்கை பார்க்க வந்தார். அடுத்த வாரம் ஒரு வண்டி வாங்கினார். அதற்கடுத்த வாரம் ஜெயித்தார்.

அவருக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், திறந்து பார்க்கத் தெரியாது. ஸ்டியரிங் கம்பி வளைந்துவிட்டது என்று எடுத்து வந்தார். நிமிர்த்திக் கொடுத்தேன். அன்றும் ஜெயித்தார். கிடங்கில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "சகலைதான் நம்ம மெக்கானிக்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். சின்ன விஷயம்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி போகும். கம்பியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஓர் உலோகக் குண்டு. கிண்ணம் தேய்ந்தால் குண்டு உள்ளே ஆடும். அரை மில்லிமீட்டர்தான். ஆனால் சக்கரம் கல்லில் பட்டதும் வண்டியின் மூக்கு இப்படியும் அப்படியும் நடுங்கும். ஓட்டுகிறவர் சரி செய்யப் பார்ப்பார், இன்னும் நடுங்கும். அடுத்த முறை அவர் வண்டி என் மேஜைக்கு வந்தபோது, என் பழைய வண்டியின் தேய்ந்த கிண்ணங்களை அதில் மாட்டினேன். அவருடைய புதுக் கிண்ணங்களை என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். திருடவில்லை.

விளையாட்டுக்குத்தான். ஒரு வாரம் தோற்கட்டும், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

தோற்றார். மறு ஞாயிறு வண்டியை என் மேஜையில் வைத்து, "ஸ்டியரிங்ல ஏதோ கோளாறு சகலை" என்றார். திருகுகளை இறுக்கிவிட்டு, ரிமோட்டை வாங்கி ஓட்டிக் காட்டினேன். நேராகப் போயிற்று.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிமோட்டில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மயிரிழை அளவு இடது பக்கமாகவே அழுத்திப் பிடித்திருந்தால், குண்டு கிண்ணத்தின் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் வெளியே தெரியாது. தெரிந்தவன் கையில் மட்டும் வண்டி நேராக ஓடும்.

சகலை வண்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, கை நடுங்குதா? பாத்துங்க, பல்லுக்குப் பதிலா நாக்கைப் புடுங்கிடப் போறீங்க" என்றேன்.

சிரித்தார். டீயைப் பாதி டம்ளர் போதும் என்றார்.

அவருடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசிக் காலத்தில் கரண்டியை வாய்வரை கொண்டுபோக முடியாமல் இருந்தார். எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். மருத்துவமனையில் அவருக்கு ஊட்டிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

விளையாட்டு வினையாகும் என்பார்கள். ஆகும்போது மணி அடித்துச் சொல்வதில்லை. கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், சும்மா சும்மா கைய நீட்டி நீட்டிப் பாக்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு." நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நான்தான் கூடப் போனேன். ஒன்றும் இல்லை என்றார் அந்த டாக்டர். "இப்போதைக்கு இல்லன்னு அர்த்தம்" என்றார் சகலை. நான் மறுத்துப் பேசவில்லை. மருத்துவம் என் பாடம் இல்லை.

பயந்த கை நடுங்காமல் என்ன செய்யும்? ஒருநாள் மெஷின் வழுக்கி ஒரு பெண்ணின் உதடு கிழிந்தது. இரண்டு தையல். அன்றிலிருந்து கிளினிக்கில் பல்லைத் தொடுவது அவருடைய உதவி டாக்டர்தான்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வண்டியில் கோளாறு இல்லை என்று ஒருபோதும் சொன்னதில்லை. ஓட்டிக் காட்டினேன், அவ்வளவுதான். அதோடு, இந்த ஒரு வருடத்தில் நாங்கள் பழகியதுபோல எந்தச் சகலைகளும் பழகியிருக்கமாட்டார்கள். எதிரில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார். நான் மறுபடி முதலில் வருகிறேன், கைதட்டுவார். மாமனாரின் பல்செட்தான் லேசாக ஆடுகிறது. சின்ன மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாதாம். புகழ்ந்தால் கழன்று விழும் என்று இப்போது அதிகம் பேசுவதில்லை.

போன ஞாயிறு மணி ஒரே முறை அடித்தது. சகலைதான்.

வண்டியை மேஜையில் வைத்தார். "நாளைக்குக் கிளினிக்கை உதவி டாக்டருக்கு எழுதிக் குடுக்கறேன் சகலை. இதையும் நீங்களே வெச்சுக்குங்க. இது என் கைக்கு ஆகல."

இழுப்பறையில் புதுக் கிண்ணங்கள் இருந்தன. மாட்ட ஐந்து நிமிடம் போதும். அன்று மாட்டிவிடுவதாகத்தான் இருந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கடைசியா ஒரு தடவை நீங்க ஓட்டுங்க, பாக்கறேன்" என்றார்.

கொல்லையில் நான் அடுக்கி வைத்திருக்கும் கற்கள் மேல் ஏற்றினேன். அழகாக ஏறிற்று. மூக்கு அசையவில்லை. உச்சியில் நிறுத்தி, கைதட்டுவார் என்று திரும்பினேன்.

அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. அத்தனை நேரமும் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், வாய்க்குள் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து.

"ஏன் சகலை, நேரா போற வண்டிக்கு எதுக்கு இடது பக்கமே அழுத்திப் புடிச்சிருக்கீங்க?"