சூனிம் தனியாக நடந்த மலை

முட்டி தேய்ந்தவனுக்கு மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் சார். கொரியா நெடுகக் கிடக்கும் பெக்து மலைத்தொடரைப் பனிக்காலத்தில் ஒரே நடையாகக் கடக்க வேண்டும் என்பது என் ஆசை. இருபத்தாறு வருடம் ஞாயிறுதோறும் நான் முன்னால் நடக்க, என் மனைவி சூனிம் பின்னால் வருவாள். நான் ஓய்வு பெற்ற வருடம் டாக்டர் இனி மலையே கூடாது என்றுவிட்டார்.

"அப்ப நான் போயிட்டு வரேங்க," என்றாள் அவள். நானும் சரி என்றேன்.

வாரம் ஒரு கணவாயில் வண்டியோடு காத்திருப்பேன். சூடான சூப், சோறு, காய்ந்த காலுறை, அடுப்புக்குப் புது எரிவாயுக் குப்பி. அவள் முதுகுப்பையை நான்தான் அடுக்கிக் கொடுப்பேன். திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

ஐந்தாவது வாரம் இறங்கி வந்தபோது அவள் கன்னம் பனியில் வெடித்திருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியலைங்க. மூணு நாளா ஒரு ஆள் இல்ல. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். தனியா நடக்கறது இவ்வளவு நல்லா இருக்கும்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே."

"என் ஞாபகம் வரலையா?"

"வந்துச்சே, சோறு ஆறிப்போனப்பல்லாம்." சிரித்தாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குக் கோபமில்லை. வேறொரு ஆணோடு பழகியிருந்தால் அவனிடம் போய் நின்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். மலையிடம் போய் என்ன கேட்பது?

அடுத்த வாரம் குப்பியை மாற்றி வைத்தேன். நான் வைத்த கோடைக்கால எரிவாயு கடுங்குளிரில் எரியாது. குப்பிக்கு அவளே கம்பளி உறை பின்னியிருந்தாள். உள்ளே எந்தக் குப்பி இருக்கிறதென்று வெளியே தெரியாது. அடுப்பு எரியாவிட்டால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் இருக்காது. பாதியில் என்னைக் கூப்பிடுவாள், அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கனத்த பனி கொட்டும் என்று வானொலியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அவளிடம், "ரெண்டு நாளைக்கு நல்ல வெயிலாம், தைரியமாப் போ," என்றேன்.

மறுநாள் பிற்பகல் கணவாய்க் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சாலையின் எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்குப் பனி. போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

"அடிக்குதே, எடுக்கலையா?" என்றாள் கடைக்காரி.

"வீட்டுக்காரிதான். திரும்பக் கூப்பிடுவா."

ஆறு வாரம் நான் காத்திருந்தேன். அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டுமே. அரைமணி கழித்து மறுபடியும் அடித்தது. முதல் தடவையைவிட அதிக நேரம் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. மீதி நூடுல்ஸைச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மீட்புக்குழுவினர் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். அடுப்பைப் பற்றவைக்க வலதுகைக் கையுறையைக் கழற்றியிருந்தாளாம்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் எடுத்திருப்பேன் சார். என்ன செய்வது, என்னிடம் இறங்கிவந்து கேட்க அவளுக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.