அபொக்காவுக்கு ஓர் அடுப்பு

வாட்டும் வெயிலையும் வாழ்த்தாக ஏற்று வந்து வீற்றிருக்கும் அவைத்தலைவர் நா புவோரே அவர்களே! மண்ணுக்குப் படையல் வைத்து மழைக்கு வழிகேட்கும் பெரியோர்களே! சாவுக்கும் விருந்துக்கும் சலிக்காமல் மரக்கட்டை தட்டி இசைக்கும் கலைஞர்களே! சோளத்தை முளைகட்டி, முளையைக் காயவைத்து, இடித்துக் காய்ச்சிப் பீட்டோவாகப் புளிக்கவைத்து, அந்த ஒரு பானையைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைத்த என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரின் அடுப்படிக்கும் என் முதல் வணக்கம்.

நம் காய்ச்சுவோர் சங்கத்துக்குப் புதிதாக ஓர் அடுப்பு வந்திருக்கிறது. அதை அபொக்காவுக்குத் தரலாமா, கூடாதா என்று இன்று நீங்கள் கைதூக்கிச் சொல்லப் போகிறீர்கள். “அவ ஃபிராஃபிராக்காரி. வந்த குடிக்கு எதுக்கு நம்ம அடுப்பு?” என்று குழாயடியில் பேசியது என் காதிலும் விழுந்தது. கோபம் வந்தது; மறைக்க மாட்டேன். ஆனாலும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

அந்தக் காலத்தை நினைத்தாலே நெஞ்சு இனிக்கிறது, தாய்மார்களே! மூன்று கல் வைத்து நாம் எரித்த காலம். ஓடைக்கரை ஷியா மரங்களெல்லாம் ஒவ்வொன்றாக நம் அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்த காலம். விறகு தேடித் தேடி நம் கால்கள்தான் தேய்ந்தன. அப்போது திட்டக்காரர்கள் வந்தார்கள். நம் களிமண்ணை நம் கையாலேயே குழைக்கச் சொல்லி, புகையில்லா அடுப்பு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் அடுப்பு யாருக்கு? கணவனை இழந்து, காய்ச்சும் பானை ஒன்றையே நம்பியிருந்த டொமிட்டிலாவுக்கு!

விறகு பாதியாயிற்று. கண்ணெரிச்சல் போயிற்று. பீட்டோ தேனாயிற்று. குடிக்கத்தான் ஆள் இல்லை!

ஏன் வரவில்லை? சொல்லுங்கள், ஏன் வரவில்லை? ஆ, அந்த மூலையிலிருந்து சரியாகச் சொன்னீர்கள், அம்மா. புகை! நம் ஊரில் எவன் வீடு வீடாகப் போய்ப் பீட்டோ இருக்கிறதா என்று கேட்பான்? எந்த முற்றத்தில் புகை எழுந்ததோ, அந்த முற்றத்துக்குத்தானே மறுநாள் கால் போகும்! புகையை ஒழித்த படித்த பிள்ளைகளுக்கு அது தெரியாது, சரி. புகைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நமக்கும் அது தோன்றவில்லையே!

முதல் பானை கெட்டுப் பன்றிக்குப் போயிற்று. அடுத்ததும் போனால் மறுபடி காய்ச்ச அவளிடம் சோளம் இல்லை. டொமிட்டிலா உலக்கையைத் தூக்கிக்கொண்டு அடுப்பை உடைக்கக் கிளம்பிவிட்டாள். அன்று அவள் உடைத்திருந்தால் நம்மில் யார் அடுத்த அடுப்பைக் கட்டியிருப்போம்?

அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் சைக்கிள் பழுது பார்க்கும் அகோல்கோ. அபொக்காவின் தகப்பனார். ஃபிராஃபிராக்காரர்களுக்கும் டகாராக்காரர்களான நமக்கும் பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கேலிமுறை. சாவு வீட்டில்கூடக் கேலி பேசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

“ஏ டகாராக்காரி! அடுப்பு செத்துப்போச்சா? புகையவே காணோம். நீ சோம்பேறின்னு தெரியும், இவ்வளவு சோம்பேறின்னு தெரியாது!”

“போடா நாய்த்தலை தின்னி! பானை நெறையக் கெடக்கு, குடிக்கத்தான் நாதியில்ல. வந்துட்டான் வாய் பேச!”

ஒரு குடுவை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்தார். “அடிப்பாவி, இதையா பன்னிக்கு ஊத்தின? அது குடுத்துவச்ச பன்னிதான்!” என்றார். பிறகு அவளுடைய பழைய அடுப்புக்கல் ஒன்றைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தார். சந்தை நடுவே கல்லைக் கிடத்தினார். மண்ணில் புரண்டார். ஒப்பாரி வைத்தார்!

“ஐயோ, டொமிட்டிலா வீட்டுப் புகையே, போயிட்டியே! நாக்கு வறண்டு நிக்கிற டகாராப் பயலுகளுக்கு இனி யாரு வழிகாட்டுவா?”

சாவு என்று ஓடிவந்த சந்தை, சிரித்துச் சிரித்து விழுந்தது. கேலிமுறைக்காரன் இழவு கூட்டினால் துக்கம் கேட்காமல் போகலாமா? அத்தனை பேரும் டொமிட்டிலா முற்றத்துக்குப் போனார்கள். பொழுது சாயுமுன் பானை காலி. உலக்கை சோளம் இடிக்கப் போயிற்று!

அதன்பின் ஒவ்வொரு முற்றத்திலும் அடுப்பு எழுந்தது. எந்த முற்றம் காய்ச்சினாலும் சந்தையில் அகோல்கோ அழுதார். அவர் அழ அழ நாம் பிழைத்தோம். போன மழைக்காலத்தில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. இன்னும் காய்ச்சும் நாளில் என் காது அந்த அழுகையைத் தேடுகிறது. ஒருவன் அழவில்லையே என்று ஏங்கும் ஊர் உலகில் வேறெங்காவது உண்டா?

அடுப்பைத் தந்தது திட்டம். அதைச் சுற்றி ஆளைச் சேர்த்தது யார்? களிமண் குலம் கேட்டதா? சோளம் சொந்த ஊர் கேட்டதா? நாம் மட்டும் கேட்கிறோமே, நியாயமா?

“அவ கைக்கு நம்ம பீட்டோ வருமா?” என்றும் கேட்டீர்கள். காலையிலிருந்து இந்தப் பந்தலில் வைத்த டொமிட்டிலா முற்றத்துப் பானைகளெல்லாம் காலியாகிவிட்டன. “டொமிட்டிலா கைப்பக்குவமே தனி!” என்று தலைவரே இரண்டாம் குடுவை கேட்டு வாங்கினார். டொமிட்டிலா போன வாரமே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், ஐயா! அவள் இரவல் தந்தது அடுப்பு மட்டும். காய்ச்சியவள், அதோ கடைசி வரிசையில் தலைகுனிந்து நிற்கிறாளே, அந்த அபொக்கா!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பெரியோர்க்கும் தாய்மார்க்கும் வணக்கம். இனி, குடுவை பிடித்த கைகளெல்லாம் மேலே எழட்டும்!