மாஸ்க் போட்ட மாப்பிள்ளை

வல்லரசு: சார், உங்க கால்ல வேணா வுழறேன், மாஸ்க்கக் கழட்டுங்க. வெயிலு ஏறிக்கினே போவுது.

செல்வகுமார்: சளி பிடிச்சிருக்கு பிரதர்...

சங்கவி: சளி மூக்குலதானேங்க? கண்ணு வரைக்கும் இழுத்து வுட்டுக்கினு இருக்கீங்க.

செல்வகுமார்: தூசு வேற...

வல்லரசு: பெருமுக்கல் மலை மேல ஏது சார் தூசு? இருபது வருசமா கல்யாண போட்டோ எடுக்கறேன். மாஸ்க்கோட மாப்பிள்ளைய எடுத்தா, ஆல்பத்தப் பாக்கறவன் ஆபரேஷன் தியேட்டர்னு நெனைப்பான்.

சங்கவி: நான் வேணா ஒரு ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கட்டுமா வல்லரசு அண்ணே?

செல்வகுமார்: பின்னாலேருந்து எடுங்களேன். ரெண்டு பேரும் கோயிலப் பாத்து நடந்து போற மாதிரி...

வல்லரசு: அதுக்கு உங்கள எதுக்கு சார் விழுப்புரத்துலேருந்து வரச்சொல்லணும்? எங்க மச்சான் சும்மாதான் இருக்கான், அவன நடக்க வுட்டுருப்பேன்.

சங்கவி: இன்னாமோ மறைக்கறீங்க. வர்ற வியாழக்கிழமை தாலி கட்டப் போறவரு, கட்டிக்கப் போறவகிட்ட மூஞ்சியக் காட்ட மாட்டேன்னா இன்னா அர்த்தம்? பொண்ணு பாக்க வந்தப்ப கூட நான் இவ்ளோ வெக்கப்படலியே.

செல்வகுமார்: கழட்டுனா நீ சிரிப்பே.

சங்கவி: சிரிக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்.

செல்வகுமார்: ...தோ. பாத்துக்கோ.

வல்லரசு: அடக் கடவுளே!

சங்கவி: க்ஹும்... க்ஹும்...

செல்வகுமார்: பாத்தியா, சிரிக்கிறே.

சங்கவி: இல்லீங்க... இருமல்... ஐயோ, இன்னாங்க இது? வறுத்த மல்லாட்டைக் கடலைய உள்ளங்கையில தேச்சுட்டு ஊத மறந்த மாதிரி... தோலு ஒரு பக்கம், செவப்பு ஒரு பக்கம்...

வல்லரசு: சார், இது எடிட்டிங்ல போவாது. மூஞ்சியையே புதுசா வரையணும். நான் கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு ஃபோன் போடுங்க.

சங்கவி: அவரு போயிட்டாரு. இப்ப சொல்லுங்க. இன்னா பூசுனீங்க?

செல்வகுமார்: ஒண்ணும் இல்ல. வெயிலு.

சங்கவி: வெயிலு கழுத்துக்கு மேல மட்டும் அடிச்சிதா? சட்டைக் காலருக்குக் கீழ வேற ஆளு, மேல வேற ஆளு.

செல்வகுமார்: ...க்ரீம்.

சங்கவி: அப்படிப் போடு! வெள்ளையாவற க்ரீமா? உங்களுக்கு எதுக்குங்க அது?

செல்வகுமார்: நிச்சயத்தன்னிக்கு உங்க சித்தி பந்தியில சொன்னாங்களே, ‘மாப்பிள்ளைக்கு எல்லாம் இருக்கு, கலருதான் கொஞ்சம் மட்டு’ன்னு. எதிர் எலையில நான் உக்காந்துக்கினு இருக்கறேன்.

சங்கவி: அவங்க கெடக்கறாங்க. அவங்க வூட்டுக்காரரு மட்டும் பால்லயா குளிச்சவரு? அதுக்காக மூஞ்சிய உரிச்சிக்குவீங்களா? எரியலியா உங்களுக்கு?

செல்வகுமார்: எரிஞ்சிது. எரியுதேன்னு எலுமிச்சம்பழம் தேச்சேன். அப்புறம் கொஞ்சம் ஆப்ப சோடா...

சங்கவி: இது மூஞ்சியா பஜ்ஜி மாவா? உப்பு பாத்தீங்களா?

செல்வகுமார்: சிரி, நல்லா சிரி. பேஜாரா கீது எனக்கு. புதன்கிழமை நலங்கு. எங்க அத்தைங்க அஞ்சு பேரும் மஞ்சளும் சந்தனமும் அரைச்சிக்கினு வரிசையில நிப்பாங்க.

சங்கவி: ஐயோ, நலங்குல மூஞ்சியத் தொடவே வுடாதீங்க! கையிலயும் கால்லயும் வெச்சிட்டுப் போவட்டும். இந்தத் தோலு மேல மஞ்சள் பட்டா மேடையிலயே கத்துவீங்க.

செல்வகுமார்: அப்ப இதுக்கு வழிதான் இன்னா?

சங்கவி: வரப்பு ஒடைஞ்ச கழனியில தண்ணி நிக்குமா?

செல்வகுமார்: நான் மூஞ்சியப் பத்திக் கேட்டா நீ கழனிக்குப் போறியே.

சங்கவி: கேளுங்க முழுசா. தோலுக்கும் ஒரு வரப்பு கீது. உள்ள இருக்கற ஈரம் வெளிய போவாம, வெளிய இருக்கற விஷம் உள்ள வராம அதுதான் காக்குது. நீங்க அத வெட்டி வுட்டுட்டீங்க. இப்ப அதுக்கு மண்ணு போட்டு அடைக்கணும்.

செல்வகுமார்: எந்த மண்ணு?

சங்கவி: செராமைடுன்னு சொல்லுவாங்க. நம்ம தோலுலயே இருக்கற கொழுப்புதான் அது. மெடிக்கல்ல செராமைடு இருக்கற மாய்ஸ்சரைசர்னு கேளுங்க. வாசனை இருக்கக் கூடாது, வாசனை இருந்தா வாங்காதீங்க. கிளிசரின் கலந்ததா இருந்தா நல்லது, அது ஈரத்தப் புடிச்சி வெக்கும். மூஞ்சி கழுவுன ஈரத்தோடவே பூசிடணும்...

செல்வகுமார்: சோப்பு?

சங்கவி: கொஞ்ச நாளைக்கு சோப்பு பக்கமே போவாதீங்க, வெறும் தண்ணி போதும். ரொம்ப வெடிச்ச எடத்துல ராவுல பெட்ரோலியம் ஜெல்லி, மெல்லிசா. அதான், கொழந்தைங்க ஒதட்டுக்குப் பூசறது.

செல்வகுமார்: நியாசினமைடுன்னு கூட ரீல்ஸ்ல சொல்றாங்களே?

சங்கவி: அதுவும் வரப்புக்கு நல்லதுதான். ஆனா புண்ணு ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே எல்லாத்தையும் கொட்டுனா வெள்ளம்தான் வரும்.

செல்வகுமார்: யப்பா! தோல் டாக்டரு தோத்துட்டாரு. நீ இன்னா பூசறே?

சங்கவி: நான் சொன்ன இதேதான். நாலு வருசமா வேற எதையும் மூஞ்சியில தொட்டதில்ல.

செல்வகுமார்: அதான் பளபளன்னு இருக்கறே. காலேஜ் போற பொண்ணுக்கும் இதே வைத்தியந்தானா?

சங்கவி: தோலு தோலுதாங்க. யாருக்கா இருந்தா இன்னா?

செல்வகுமார்: யாருக்கா இருந்தா இன்னா... சரி.

சங்கவி: ஆமா, அந்த க்ரீம எவன் தலையில கட்டுனான் உங்களுக்கு?

செல்வகுமார்: வாட்ஸப்ல ஆர்டர் போட்டு வந்துச்சி. ரோஸ் மூடி போட்ட சின்ன டப்பா. லேபிள் கெடையாது.

சங்கவி: ...ரோஸ் மூடியா?

செல்வகுமார்: ஏன், உனக்குத் தெரியுமா?

சங்கவி: இல்ல... ரோஸ் மூடி ஊரு பூரா கெடக்குது. இங்க பாருங்க, நாளைக்கே ஜல்தியா தோல் டாக்டரப் பாத்துடுங்க. நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க. அதுல ஸ்டீராய்டு கீது, சட்டுனு நிறுத்துனா இன்னும் பொங்கும்.

செல்வகுமார்: லேபிளே இல்லாத டப்பாவுல ஸ்டீராய்டு இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

சங்கவி: பொதுவா... இந்த மாதிரி க்ரீம்ல எல்லாம் இருக்குமே, அதச் சொன்னேன்.

செல்வகுமார்: ஓ, பொதுவா. காலேஜ் படிக்கற எங்க தங்கச்சி பாஞ்சாலி பேருல வாங்குன டப்பா அது.

சங்கவி: பாஞ்சாலியா...

செல்வகுமார்: ‘அக்கா, எரியுது, நிறுத்திடட்டா’ன்னு மெசேஜ் போனதுக்கு வாய்ஸ் நோட்டு வந்துச்சி. போட்டுக் காட்டட்டுமா?

சங்கவி: வேணாம்.

செல்வகுமார்: நீ இன்னும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள வேணாமா?

சங்கவி: மலை மேல சிக்னல் இருக்காதுங்க...

செல்வகுமார்: டவுன்லோடு பண்ணித்தான் வெச்சிருக்கறேன். அது கூட வேணாம், மனப்பாடம். ‘எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் தங்கச்சி. நிறுத்திடாத, ராவுல இன்னும் கொஞ்சம் கனமா பூசு.’ நிச்சயம் ஆனதுலேருந்து தெனமும் ஃபோன்ல கேக்கற கொரலு. எனக்குத் தெரியாதா?

சங்கவி: ...தெரிஞ்சிக்கினா வந்தீங்க?

செல்வகுமார்: நீயா சொல்லுவேன்னு பாத்தேன். வரப்பு, கழனின்னு வெவசாயம் பூரா சொல்லிக் குடுத்தே. அத மட்டும் சொல்லல.

சங்கவி: எல்லாரும் விக்கறாங்கன்னு நானும் வித்தேங்க... வீட்டுலயே கலந்து... தப்புதான். ஆனா சத்தியமாச் சொல்றேன், பூசறது நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்!

செல்வகுமார்: தெரியும். அதுக்குத்தான் பூசுனேன். டப்பாவ வாங்குனது, எரியுதுன்னு உங்கிட்ட கேட்டது, அந்த எலுமிச்சம்பழம், சோடா எல்லாமே நெசத்துல பாஞ்சாலி பண்ணதுதான், உங்க சித்தி பேச்சு சும்மா சாக்கு. அண்ணன் கல்யாணத்துல அண்ணி பக்கத்துல கருப்பா நிக்கக் கூடாதுன்னு ஆசப்பட்டா. இப்ப துப்பட்டாவ மூஞ்சியில சுத்திக்கினு ரூம்ல உக்காந்திருக்கறா, கல்யாணத்துக்கே வரமாட்டேங்கறா. கொரல அவ கண்டுபுடிக்கல, நான் கண்டுபுடிச்சேன். அவளுக்கு எரிஞ்சப்ப கனமா பூசச் சொன்ன நீ, எனக்கு எரிஞ்சா இன்னா சொல்லுவேன்னு கேக்கணும்னு தோணிச்சி... மிச்ச டப்பாவ நான் பூசிக்கினேன். கேட்டுட்டேன். எழுந்து வா, வீட்டுக்குப் போவலாம். எங்கிட்ட சொன்னத அப்படியே அவகிட்ட சொல்லு. தாலியப் பத்தி அப்புறம் பேசலாம்.