தட்டோடு உட்கார்ந்த மருத்துவர்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, பிழைத்தெழுந்த பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வாழ்த்துச் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்ட முன்னாள் கல்லூரி முதல்வர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஓய்வு பெறும் எங்கள் பேராசிரியை மனநல மருத்துவர். பசி இருந்தும், பாத்திரம் நிறைந்திருந்தும், உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயத்தால் உண்ண முடியாத பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். அந்த நோயை ஆராய்ந்தவர், எங்களுக்குக் கற்பித்தவர். "கொழுப்பு. ரெண்டு போட்டா தன்னால திங்கும்" என்றார்கள் ஊரார். ஊராரை விடுங்கள். எங்கள் மூத்த மருத்துவர்களே இதெல்லாம் ஒரு நோயா என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அவர்களும் விருந்தினர்கள்தான்.

அவர் என்ன செய்தார்? வார்டின் நடுவே ஒரு நீள மேசையைப் போட்டார். நோயாளி உண்பதையே மருத்துவரும் உடன் உட்கார்ந்து உண்ண வேண்டும். உடம்பைப் பற்றியோ உணவைப் பற்றியோ மூச்சு விடக் கூடாது. சினிமா பேசலாம், பேருந்து பேசலாம், என் வழுக்கையைப் பேசலாம். அதிகம் பேசப்பட்டது அந்த வழுக்கைதான்.

மேசை போட்ட அந்த அறையைக் கிடங்காக்கலாமா என்று பார்க்க ஒரு மதியம் அன்றைய கல்லூரி முதல்வர் வந்தார். இதயம் தடுமாறும் அளவுக்கு மெலிந்து வந்த ஒரு பெண், அன்றுதான் முதன்முறையாகப் பாதித் தட்டைத் தாண்டியிருந்தாள். பாராட்டுவதாக நினைத்து, "அட, கன்னமெல்லாம் உப்பிடுச்சே, சபாஷ்" என்றார் அவர். எதற்கு அவள் நடுங்கினாளோ, அதையே பரிசாக நீட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பேராசிரியை எழுந்தார்.

"உட்காருங்க சார். உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்றேன்."

"வேணாம்மா. நான் டயட்ல இருக்கேன்."

"அப்போ வெளிய இருங்க சார். இது சாப்பிடறவங்க மேசை."

இப்போது கைதட்டுகிறீர்கள். அன்று தட்ட ஆளில்லை. முதல்வர் போனார். பேராசிரியை உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் உண்ணத் தொடங்கினார். அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் பயந்தான் போல, டாக்டர்."

"அதான் தட்டு வைக்கச் சொன்னேன்."

அவள் உதட்டோரம் அசைந்தது. கரண்டி மேலே எழுந்தது.

பிறகு என்ன? அறையைப் பறித்தார்கள், மேசையை நடைவழியில் போட்டார். பதவி உயர்வைத் தடுத்தார்கள், மாணவர்களை உயர்த்தினார். நிதியை நிறுத்தினார்கள், அந்த நடைவழியில் பிறந்த ஆய்வைத்தான் இன்று பல கல்லூரிகள் பாடமாக்கியிருக்கின்றன. தடுத்தவர்களின் ஆய்வு எங்கே? தேடிச் சொல்லுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

நாளை முதல் அந்தப் பிரிவு என் பொறுப்பு. இனி மேசை எதற்கு, மருந்து போதாதா என்று இப்போதே காதோடு காதாகக் கேட்கிறார்கள். வாதாட எனக்கு விருப்பமில்லை. நாளை மதியம் நான் அங்கே தட்டோடு உட்கார்ந்திருப்பேன். அவருடைய மாணவன் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

செவி தந்த அனைவருக்கும் நன்றி. அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.