உள்ள ரெக்கார்டிங் நடக்கு

அந்தக் கதவத் தட்டாதிய மாப்ளே. கைய எடுங்க. உள்ள ரெக்கார்டிங் நடக்குன்னு சொல்லுதேன்ல? இந்தச் சேர்ல உக்காருங்க. வில்லிபுத்தூர்ல இருந்து இந்த வெயில்ல வண்டியில வந்திருக்கிய, சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்கு. ஃபேன் போட மாட்டேன். அந்தச் சத்தம் உள்ள கேக்கும். போனையும் அணைச்சிருங்க. சைலண்டுல போட்டாப் பத்தாது, முழுசா அணைங்க. பக்கத்துல போன் இருந்தாலே மைக்குல கொர்ருங்குது. என் போனா? இது பழைய பட்டன் போனு, இது ஒண்ணும் செய்யாது.

நான் மட்டும் பேசலாமாக்கும்? பேசலாம். எங்கொரலு மில்லுல கத்திக் கத்தித் தேஞ்சுபோன கொரலு, அது செவுரத் தாண்டாது. ஒங்க கொரலு பட்டிமன்றக் கொரலு. அய்யனார் கோவில்ல நின்னு பேசினா ராஜபாளையத்துக்கே கேக்கும். அதனால நீங்க வாயத் தொறக்காதிய.

மாமாவா? தோட்டத்துக்குப் போயிருக்காவ. வந்துருவாவ.

எதுக்கு வந்திருக்கியன்னு நான் கேக்கவே இல்லையே. தெரிஞ்ச கதைதான? இன்னைக்குக் காலையில என் வீட்டுக்காரரப் பத்திப் பேசப்போறேன்னு எம்மக மாரிச்செல்வி நேத்து எல்லாரும் கேக்கும்படி போன்ல பேசிப் போட்டிருந்தா. அதக் கேட்டுட்டுப் பதறி வந்திருக்கிய. ஆடியில அவள ஒரு கட்டப்பையோட இந்த வாசல்ல எறக்கிவிட்டுட்டு வண்டியத் திருப்பினிய, ஒரு வா தண்ணி குடிக்கல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு அவ அழுதுக்கிட்டு அடிச்சப்ப போன எடுக்கல. இப்ப பேரு கெட்டுரும்னதும் இந்தா வந்து நிக்கிய.

உக்காருங்க, உக்காருங்க. எந்திரிக்காதிய.

என்னத்த வாங்கிக் குடுத்து அவளக் கெடுத்து வச்சிருக்கோம்னா கேக்கிய? சொல்லுதேன். இங்க வந்து ரெண்டு மாசம் அவ வாயே தொறக்கல. சோறு வேணும்னா தட்ட எடுத்து முன்னால வைப்பா, அம்புட்டுத்தான். ஒருநாள் பாத்தா, போனத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தன்னால பேசிக்கிட்டுக் கெடக்கா. திக்கித் திக்கித்தான் பேசுதா, ஆனா நிறுத்தாமப் பேசுதா. அத எங்கெங்கயோ இருக்கிற நாலு பேருக்கு அனுப்பிருக்கா. அவியளும் திக்குறவியதான். இன்னும் பேசும்மான்னு சொல்லிட்டாவ. போன்ல கொரல் சரியா விழலன்னு இவ சொல்லவும், அவ அப்பா, மிலிட்டரிக்காரரு, அன்னைக்கே பஸ் ஏறிட்டாவ. மதுரைக்குப் போயி மைக்கு, பொட்டி, ஒயரு எல்லாம் வாங்கிட்டு வந்து எறக்கிட்டாவ.

அந்தப் பொட்டி பேரு என்னமோ இண்டர்பேஸாம். சோத்து டப்பா அளவுதான் இருக்கும், மூஞ்சி பூரா திருகு. மைக்கு ஒயர அதுல சொருகணும், அதுல இருந்து லேப்டாப்புக்கு இன்னொரு ஒயரு. மொத நாள் மாட்டிட்டு அப்பாவும் மகளும் மாறி மாறி ஹலோ ஹலோங்காவ, ஒரு பொட்டுச் சத்தம் விழல. மைக்கு செத்துப்போச்சு, திருப்பிக் குடுத்துருவோம்னு அவிய சட்டைய மாட்டிக் கெளம்பிட்டாவ. பொறவு பாத்தா, நாப்பத்தெட்டுன்னு எழுதி ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்குனாத்தான் அந்த மைக்குக்குக் கரண்டு போகுமாம். அமுக்குனதுதான் தாமசம், தெருக்கோடியில கோழி கொத்துறதுகூட விழுந்துச்சு. கூடவே ஙொய்ங்குன்னு ஒரு எரைச்சல். சார்ஜரப் புடுங்குனா நிக்கும், போட்டா வரும். வயர்மேன் வந்து பாத்துட்டு, வீட்டுக்கு எர்த்தே சரியில்லன்னுட்டான். கெணத்தோரம் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, புதுசா எர்த் போட்டோம். மகளுக்குப் பேச வாய் வேணும்னு ஒருத்தரு குழி தோண்டுதாருன்னா, அது ஒங்களுக்கு எங்க வெளங்கப்போவுது?

செவுத்துல பட்டுப் பேச்சு திரும்பி வருதுன்னா. மில்லுல கேட்டுக் கழிவுப்பஞ்சு கொண்டாந்து, சாக்குல அடைச்சு, செவுரு முழுக்கக் கட்டித் தொங்கவிட்டேன். உள்ள போனா நம்ம மூச்சே நமக்குக் கேக்கும். ஒருநாள் நெனவில்லாம உள்ள நொழஞ்சு, ஏட்டி, சாப்பிட வாடின்னுட்டேன். அந்தப் பொட்டியில பச்சையா எரிஞ்சது குபுக்குன்னு செவப்பாயிட்டு. ரொம்பக் கத்துனா அப்படி ஆகுமாம். அவ சிரிச்சா. ஆடிக்குப் பொறவு அன்னைக்குத்தான் சிரிச்சா.

நீங்க ஏன் சிரிக்கிய? சிரிக்கச் சொல்லி இத நான் சொல்லல.

என்ன பேசுவாளா? ஒங்களப் பத்தி இதுவரைக்கும் ஒரு சொல்லு பேசல. பயப்படாதிய. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கண்டக்டரு, அவரக் கூப்பிட்டுப் பேச வச்சா. அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொல்ல வராது. மொத எழுத்துலயே நின்னுருமாம். இத்தன வருசமும் ஆண்டாள் கோவில்லாம் எறங்கு, ஆண்டாள் கோவில்லாம் எறங்குன்னு சொல்லியே சமாளிச்சிருக்காரு. அத அவரு சொல்லி முடிக்கங்குள்ள எனக்கே பொறுமை போயிட்டு. இவ அப்படியே ஒக்காந்து கேக்கா. ஏட்டி, எடையில நிக்கத எல்லாம் வெட்டி எடுத்துரலாமேன்னேன். வெட்டுனா அது அவரு பேச்சு இல்லம்மான்னுட்டா.

ஒங்க வீட்டுல அவள வெட்டுனது பத்தாதா? வீட்டுக்கு ஆளு வந்தா அவள அடுக்களைக்குள்ள போகச் சொல்லுவிய. வத்ராப்புப் பொங்கலுக்கு மேடை போட்டிருந்தாவளே, ஞாபகம் இருக்கா? மைக்கு முன்னால நின்னு, எங்க வீட்டுல சாப்பாடு வாரதுக்கு எவ்வளவு நேரமாகும் தெரியுமான்னு கேட்டுட்டு, சா... சா... சான்னு அவள மாதிரியே பேசிக் காட்டுனிய. ஊரே சிரிச்சது. அவ மொத வரிசையில ஒங்க பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் பக்கத்துல இருந்தேன். எல்லாரும் கை தட்டவும், வெவரம் தெரியாம அந்தப் பிள்ளையும் கை தட்டுச்சு.

காமெடிக்குத்தானா? சரி, காமெடிக்குத்தான்.

அதகூட விட்டுருவேன். ஒன் பேச்சக் கேட்டு வளந்தா தன்விகாவுக்கும் திக்கும்னு சொல்லித்தான பிள்ளையப் புடுங்கிக்கிட்டு இவள அனுப்புனிய? எந்த டாக்டரு சொன்னாரு? ஒங்கம்மா சொன்னாவளாக்கும். பிள்ளையத் தாய்ட்டக் குடுன்னு கோர்ட்டுல சொல்லியாச்சு. ஆர்டரோட கோர்ட்டு ஆளு அமீனா தெருமுனைக்கு வாரதுக்குள்ள, நீங்க பிள்ளைய வண்டியில முன்னால வச்சுக்கிட்டு மகாராஜபுரத்துல ஒங்க அக்கா வீட்டுக்குப் பறந்துருவிய. மடவார் வளாகத்துல ஒங்க வீட்டுல போயி நின்னா ஒங்கம்மா மட்டும் இருப்பாவ. ரெண்டு தரம் வெறுங்கையோட திரும்புனா எம்மக. வார வழியெல்லாம் பஸ்ஸுல அந்தப் பிள்ள சட்டைய மடியில வச்சுக்கிட்டே வந்தா.

பேசி முடிச்சுக்கலாமா? யாரு, நீங்களா? எப்ப? ஆடியில தோணலயா?

செத்த இருங்க, எனக்குப் போன் வருது.

ம்... சொல்லு... ம்... மெதுவாச் சொல்லு தாயி, நான் எங்கயும் போகல... ம்... ம்... ஆமா, இங்கதான் இருக்காரு... சரி. சரிட்டி. வச்சிரு.

மாரிச்செல்விதான். ஏன் கதவப் பாக்கே? உள்ள யாரும் இல்ல. வேணும்னா தொறந்து பாரு. அவளும் அவ அப்பாவும் விடியவே வில்லிபுத்தூருக்குப் போயிட்டாவ. நீ இங்க வந்து உக்காந்த நேரம் அமீனாவும் பியூலா எஸ்.ஐ. அம்மாவும் ஒன் வீட்டு வாசல்ல. நீயும் வண்டியும் இங்க இருந்தா, பிள்ளைய யாரு தூக்கிட்டு ஓடுவா? ஒங்கம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாவளாம்.

என்ன, மரியாத கொறஞ்சுபோச்சோ? எம்மகளுக்குப் பிள்ள கெடைக்கிற வரைக்கும் அத வச்சிருந்தேன். இனி எதுக்கு?

பிள்ள அவ தோள்ல தூங்குதாம். அதச் சொல்ல அவளுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு, பாத்தேல்ல? தன்விகாங்கிற பேரு அவளுக்கு வாயில வராது, தாவன்னாவுலயே நின்னுரும். தெரிஞ்சுதான அந்தப் பேர வச்ச. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கேட்டேன்.

எஸ்.ஐ. அம்மா ஜீப்புலயே வாராவளாம். நீ ஓடிப் பிரயோசனம் இல்ல. பிள்ள என்னய மறந்திருக்கும், யாருன்னு கேக்கும். கேக்கட்டும். திக்கிக் கேட்டாலும் நின்னு பதில் சொல்லுவேன்.

எந்திரிலே. அவிய வாரதுக்குள்ள வாசல் பெருக்கணும்.