தொப்பி போட்ட மீன்

காலைத் தேநீரை ஜன்னலோரம் உட்கார்ந்து குடிக்க வேண்டும் எனக்கு. மற்றபடி பெரிய ஆசைகள் கிடையாது, சார்ஜென்ட். லூனன்பர்க்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், நீங்களும் ஒரு கோப்பை குடியுங்கள்.

ஜன்னலுக்கு நேரே மேட்டில்தான் மீனவன் ஓட்டோ கோர்கமின் காற்றுகாட்டி நின்றது. பீப்பாய்ப் பலகையில் அவனே செதுக்கிய மீன், தலையில் தொப்பி. காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பும். முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கரையில் அப்படியொரு கைவேலையைப் பார்த்ததில்லை. செதிலுக்குச் செதில் வேறு நிறம். ஆனால் இடது பக்கம் மட்டும்தான்.

"வலது பக்கத்துக்கு வர்ணம் தீந்துபோச்சு வாத்தியாரே. மீனுக்குத் தெரியவா போகுது?" என்று சிரிப்பான் ஓட்டோ.

மேற்கிலிருந்து மேல்காற்றடித்தால் வர்ணப் பக்கம் எனக்குத் தெரியும். கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்றில் வெறும் பலகை. கீழ்காற்று சில சமயம் ஒரு வாரம் அடிக்கும். மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்?

ஏப்ரலில் ஏணி சாத்தி ஏறி, மீன் மேற்கே பார்த்தபடி நிற்க ஓர் ஆணி அடித்தேன். ஒரு செதிலில்கூடப் படவில்லை.

எங்கள் குடா மேட்டுக்குள் பதுங்கியது. கரையில் நிற்பவனுக்குக் காற்று தெரியாது. மீனைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் படகைத் தள்ளுவார்கள். கீழ்காற்று படகைக் கவிழ்த்துவிடும், மீன் கிழக்கே பார்த்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை என் கூரையில் கீழ்காற்று ஊளையிட்டது. ஓட்டோவும் அவன் மச்சான் லெண்டரும் என் வாசல் வழியாக இறங்கினார்கள்.

"மேகம் மேக்கால ஓடுற மாதிரி இருக்கே," என்றான் லெண்டர்.

"நான் செஞ்ச மீனைவிட உனக்கு ரொம்பத் தெரியுமோ? மேல்காத்துதானே வாத்தியாரே?"

"மீனே சொல்லுதே," என்றேன். அதில் பொய் இல்லை. மீன் அப்படித்தான் சொன்னது.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஆணியைப் பிடுங்கியிருப்பார்கள். பலகை பிளந்திருக்கும்.

சாயங்காலம் படகு மட்டும் கரை ஒதுங்கியது, கவிழ்ந்தபடி.

சடங்கெல்லாம் முடிந்ததும் ஓட்டோவின் மனைவி வெஸ்டா மீனைக் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். "இதைப் பாத்தாலே வயிறு எரியுது. அவரு வேலையை மதிச்சவரு நீங்க ஒருத்தர்தான். வச்சுக்கோங்க."

அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன், பாருங்கள். அந்த ஆணியை நீங்கள் கண்டுபிடித்தது சரிதான், அடித்தது நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மீன் அவளாகக் கொடுத்தது. அடுத்தவர் பொருளுக்கு நான் ஆசைப்பட்டவன் இல்லை.