லாரிக் கண்ணாடியில் தெரியாத அத்தை

அவையை நடத்தித் தரும் தலைவர் அவர்களே, வெயிலிலும் பனியிலும் எங்களுக்காகக் கை காட்டி நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அரை நாள் வேலையை ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கேட்கும் என் தோழிகளே! வணங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, 'மொபிலிட்டி ஸ்கூட்டரும் சாலை விதிகளும்'. நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன மின்சார வண்டி அது. என் அத்தையிடம் ஒன்று இருக்கிறது. அதில்தான் அவர் தையற்கடைக்கு, சட்டைகளுக்குக் காஜா போடப் போவார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். நடைபாதையில் ஆமை. சாலையில் இறங்கினால் முயல். கூடவே எரியும் விளக்கு, ஆளுயரத்தைத் தாண்டும் கம்பியில் ஆரஞ்சுக் கொடி.

கொடி எதற்கு? "உங்க அத்தை என்ன மந்திரியாடி?" என்று என் வகுப்பில் கேட்டார்கள். முன்வரிசை சிரிக்கிறது. சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன்.

பனி மூடிய ஒரு காலை. நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அத்தை சாலையில் இறங்கினார். பின்னால் நான். கிடங்கு வாசலில் ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் என்னைப் பார்த்து, வா வா என்று கையசைத்தார். நல்ல மனிதர்! அத்தை லாரியின் முன்னால் நுழைந்தார். என் கையிலிருந்து புத்தகம் விழுந்தது, நின்று குனிந்தேன். நான் வரவில்லை என்று நினைத்து ஓட்டுநர் லாரியை எடுத்தார்.

என்னைப் பார்த்த கண் அத்தையைப் பார்க்கவில்லையா? தூரத்தில் நின்ற நான் தெரிந்தேன், லாரியை ஒட்டி இருந்தவர் தெரியவில்லையா?

நான் அலறினேன். லாரி நின்றது. வண்டியின் கூடை காகிதம்போல் நசுங்கியிருந்தது. மணிக்கட்டு முறிந்து அத்தை தரையில் கிடந்தார். ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். "இங்க யாருமே இல்லையேம்மா! யாருமே இல்ல!" அவர் காலடியில் அத்தை கிடந்தார். அவரோ, யாருமே இல்லை, யாருமே இல்லை என்றார்.

அத்தையை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு, இதோ இந்தக் காவலர் ஐயா என்னை லாரியில் ஏற்றி உட்கார வைத்தார். கூடை நசுங்கிய வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, அதில் தாமே உட்கார்ந்தார். முன்கண்ணாடி வழியே பார்த்தேன். வெறும் சாலை. வெண்பனி. "நான் தெரியறேனா பாப்பா?" குரல் வந்தது, ஆள் இல்லை. "இப்போ கை தூக்கறேன், தெரியுதா?" குரல் வந்தது, கை இல்லை.

இறங்கியதும் கேட்டார், "கொடி எங்க?" நான் சொன்னேன், "காத்துல போயிருக்கும்."

காற்று கொண்டு போகவில்லை, ஐயா. நான் கழற்றினேன். மந்திரி என்று கேலி செய்வார்கள் என்று, அன்று காலை நான்தான் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டேன். ஒரு முழத் துணிக்கு வெட்கப்பட்டு, உயிருள்ள ஒரு மனுஷியை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்தேன்.

மணிக்கட்டு கூடிவிட்டது. கூடை மாற்றியாயிற்று. ஆனால் அப்பா சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். "அக்கா, வண்டியே ஆபத்து. வீட்டோட இரு." இரண்டு மாதமாக அத்தை ஜன்னலோரம் இருக்கிறார். வருகிறவர்கள் அவர் தலைக்கு மேலாக எங்களிடம் கேட்கிறார்கள், "அவங்க எப்படி இருக்காங்க?" பனி இல்லை, லாரி இல்லை, வீட்டுக்குள்ளேயே அத்தை மறைகிறார்!

வண்டி ஆபத்தா? விதியை மீறியது வண்டியா? மூன்றாம் வரிசையில் இருக்கும் அப்பா, தப்பு என்னுடையது. சாவியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

பெரிய வண்டி ஓட்டும் அண்ணன்மாரே, கிளம்பும் முன் கீழே பாருங்கள்! ஸ்கூட்டரில் வருபவர்களே, ஓட்டுநரின் கண் உங்கள் கண்ணைத் தொடும்வரை குறுக்கே போகாதீர்கள்!

இன்று என்னோடு வந்து, மேடையில் என் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தை ஏதோ சொல்கிறார்... உங்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன்.

"கொடி இல்லன்னு ஏறும்போதே பார்த்தேன்டி. கேட்டா நீ என்கூட வராம போயிடுவியோன்னுதான் பேசாம கிளம்பினேன்."

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. இனி நான் முன்னால் நடப்பேன், அத்தை. வணக்கம்.